அரசுப் பணியிடங்களை வெட்டினால் அரசின் செலவு குறையுமா?

டோங்காட்டுக்காரன் (இழையைத் தொடங்கியவர்)

எல்லோருக்கும் வணக்கம். நம் தென்னாப்பிரிக்க அரசு செலவிடும் பணத்தில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு ஊழியர் சம்பளத்துக்கே போகிறது. 2025-இல் வரி வருவாயாக வந்த ஒவ்வொரு ராண்டிலும் 22 சென்ட் கடனுக்கு வட்டி. இவை போக மிஞ்சுவதில்தான் மருந்தும் சாலையும் பள்ளிக் கட்டடமும் முதியோர் உதவித்தொகையும்.

அதே 2025-இல் என்ன நடந்தது என்று பார்த்தோம். வாட் வரியை 15-இலிருந்து 17 சதவீதம் ஆக்கப் பார்த்தார்கள். கூட்டணிக்குள்ளேயே சண்டை வந்து, பிப்ரவரி 19 அன்று வாசிக்க வேண்டிய பட்ஜெட் ஒத்திப்போனது. மார்ச்சில் அரை சதவீதம், அடுத்த ஆண்டு இன்னொரு அரை என்றார்கள். ஏப்ரலில் அதையும் கைவிட்டார்கள். மே 21 அன்றுதான் ஒருவழியாகப் பட்ஜெட் வந்தது. வரியும் ஏற்ற முடியாது, கடனும் இதற்கு மேல் தாங்காது என்றால், ஆட்களைக் குறைப்பதைத் தவிர வேறு என்ன வழி?

நான் சின்னப் பட்டறை வைத்திருக்கிறேன். எங்கள் ஊர்ச் சர்க்கரை நிறுவனம் 2022 அக்டோபரில் கடன் கட்ட முடியாமல் வணிக மீட்பு நடவடிக்கைக்குப் போனபோது எங்களுக்கு வரும் வேலையும் வற்றியது. ஆட்களைக் குறைத்தேன். மனசு கேட்கவில்லை, ஆனால் பட்டறை இன்றும் நடக்கிறது. அரசு மட்டும் ஏன் அதைச் செய்யக்கூடாது? எதிர்க்கருத்து உள்ளவர்கள் கணக்கோடு வாருங்கள்.

சாட்ஸ்வொர்த் வாத்தியார்

தம்பி, இந்த நாடு அதை ஒருமுறை செய்து பார்த்துவிட்டது. நான் அப்போது வகுப்பறையில் இருந்தவன், அதனால் சொல்கிறேன்.

1994-க்குப் பிறகு, இனவாரியாகப் பிரிந்து கிடந்த கல்வித் துறைகளை ஒன்றாக்கினார்கள். நம் பள்ளிகள் அதுவரை, இந்தியர்களுக்கென்று இருந்த தனி அவையான ஹவுஸ் ஆஃப் டெலிகேட்ஸ் நிர்வாகத்தில் இருந்தவை. கறுப்பினப் பிள்ளைகள் ஒரே அறையில் அறுபது எழுபது பேர் நெருக்கி உட்கார்ந்திருந்த காலம் அது. தொடக்கப் பள்ளியில் 40 பேருக்கு ஒரு ஆசிரியர், உயர்நிலையில் 35 பேருக்கு ஒருவர் என்று நாடு முழுக்கச் சமப்படுத்த முடிவெடுத்தார்கள். அந்த நோக்கத்தில் எனக்கு இன்றும் மறுப்பில்லை.

ஆனால் செய்த விதம்! 'உபரி' என்று பெயர் வைத்து, 1996-இல் விருப்ப ஓய்வுத் தொகை கொடுத்தார்கள். விருப்பம் என்று வைத்தால் யார் கிளம்புவார்கள்? வெளியே வேலை கிடைக்கும் என்று நம்பிக்கை உள்ளவர்தான். கணக்கு வாத்தியார்கள், அறிவியல் வாத்தியார்கள், இருபது முப்பது வருட அனுபவம் உள்ள தலைமை ஆசிரியர்கள். போகட்டும் என்று அரசு நினைத்தவர்கள் நாற்காலியிலேயே இருந்தார்கள். போகக் கூடாதவர்கள் தொகையை வாங்கிக்கொண்டு தனியார் பள்ளிக்கும் இங்கிலாந்துக்கும் போனார்கள். தொகைக்கான செலவு முதலில் போட்ட கணக்கைத் தாண்டியது. அவர்கள் விட்டுப்போன வகுப்புகளை யாராவது எடுக்க வேண்டுமே, அதற்குத் தற்காலிக ஆசிரியர்களை வைத்தார்கள், அதற்கும் சம்பளம். ஒரே வேலைக்கு அரசு இரண்டு முறை பணம் கொடுத்தது. இடமாற்றப் பட்டியலை எதிர்த்துக் கேப்டவுனில் குரோவ் தொடக்கப் பள்ளி 1997-இல் நீதிமன்றம் போய் வென்றதும் இதே விவகாரத்தில்தான்.

ஒரு பள்ளியில் நல்ல கணக்கு வாத்தியார் போனால் அந்த இழப்பு அந்த வருடக் கணக்கில் வராது. பத்து வருடம் கழித்து அந்தப் பகுதியிலிருந்து எத்தனை பிள்ளைகள் பொறியியல் படிக்கப் போனார்கள் என்பதில்தான் தெரியும். அதை எந்தப் பட்ஜெட் புத்தகத்தில் எழுதுவார்கள்?

டோங்காட்டுக்காரன்

ஐயா, உங்கள் அனுபவத்துக்கு மரியாதை. ஆனால் அது திட்டம் போட்ட விதத்தில் உள்ள கோளாறு. அரசு மின் நிறுவனமான எஸ்காமை எடுத்துக்கொள்ளுங்கள். தேவைக்கு மேல் 66 சதவீதம் ஆட்கள் இருக்கிறார்கள் என்று உலக வங்கி ஆய்வே 2016-இல் சொன்னது. கடைசியில் 254 பில்லியன் ராண்ட் கடனை நம் தலையில் ஏற்றினார் நிதியமைச்சர் கோடொங்வானா, 2023 பிப்ரவரியில். ஆள் அதிகம் என்பது கற்பனை இல்லை.

கேப் கணக்கர்

எஸ்காமுக்கு ஒரு வரியில் பதில்: அந்தக் கடன் மலையில் பெரும்பகுதி மெடுபி, குசிலே அனல்மின் நிலையங்களின் கட்டுமானத்தில் சேர்ந்தது. ஆட்கள் 48,000-ஐ ஒட்டி இருந்து 40,000-ஐ ஒட்டிக் குறைந்த பிறகுதான் 2022, 2023 இரண்டும் மின்வெட்டில் மிக மோசமான ஆண்டுகளாயின. ஆள் குறைந்ததால்தான் மின்வெட்டு என்று நான் சொல்லவில்லை. ஆளைக் குறைத்ததால் கடன் தீரவில்லை என்று சொல்கிறேன்.

இனி முக்கியமான இடத்துக்கு வருகிறேன். சம்பளச் செலவு என்பது இரண்டு எண்களின் பெருக்கல்: எத்தனை பேர், ஆளுக்கு எவ்வளவு. நம் நாட்டில் கடந்த இருபது ஆண்டுகளில் பெருத்தது பெரும்பாலும் இரண்டாவது எண். 2007 ஜூனில் நடந்த பெரிய வேலைநிறுத்தத்துக்குப் பிறகு செவிலியர், மருத்துவர், ஆசிரியர் என்று தொழில்வாரியாகத் தனி ஊதிய ஏற்பாடு வந்தது. அதன் மேல் ஆண்டுதோறும் விலைவாசியைத் தாண்டிய உயர்வு. தேசிய, மாகாணத் துறைகளில் உள்ள சுமார் 13 லட்சம் பேருக்கும் இது பெருகிக்கொண்டே போனது.

2020 பிப்ரவரியில் அப்போதைய நிதியமைச்சர் டிட்டோ ம்போவேனி மூன்று ஆண்டுகளில் 160 பில்லியன் ராண்டைச் சம்பளச் செலவிலிருந்து குறைப்பேன் என்றார். 2018 ஊதிய ஒப்பந்தத்தின் மூன்றாம் ஆண்டு உயர்வை அரசு கொடுக்கவில்லை. சங்கங்கள் வழக்குப் போட்டன. 2022 பிப்ரவரி 28 அன்று அரசியல் சாசன நீதிமன்றம் அரசுக்குச் சாதகமாகத் தீர்ப்பளித்தது. அங்கே மிச்சமானது உண்மையான மிச்சம், அதை மறுக்க மாட்டேன். கவனியுங்கள், அங்கே யாரையும் வேலையை விட்டு அனுப்பவில்லை.

பிறகு 2023-இல் 7.5 சதவீத உயர்வுக்கு ஒப்புக்கொண்டார்கள். 2025-இல் 5.5. நிதியமைச்சகம் மாகாணங்களிடம் என்ன சொன்னது? இந்த உயர்வில் ஒரு பகுதியை நீங்களே உங்கள் ஒதுக்கீட்டுக்குள் சமாளித்துக்கொள்ளுங்கள் என்றது. மாகாணம் எப்படிச் சமாளிக்கும்? ஓய்வு பெறுபவர் இடத்தை நிரப்பாது. இங்கே மேற்குக் கேப் மாகாணத்தில் 2,407 ஆசிரியர் பணியிடங்கள் இப்படித்தான் போயின. பணியிடங்கள் குறைந்தன, மொத்தச் சம்பளத் தொகை ராண்ட் கணக்கில் ஏறிக்கொண்டே இருக்கிறது. இழையின் தலைப்பில் உள்ள கேள்விக்கு என் பதில் இதுதான்: வெட்டிய பணியிடம் செலவைக் குறைக்கவில்லை, உள்ளே இருப்பவர்களின் உயர்வுக்கு விலையாகப் போனது. அந்த விலையைக் கொடுப்பவர் வேலைக்கே வர முடியாத இளைஞர்.

ஃபீனிக்ஸ் பொண்ணு

கணக்கர் அண்ணா கடைசியா சொன்னது எங்க வீட்டுக் கதை. அக்கா டாக்டர். ஹவுஸ் ஆபீசர் பயிற்சி முடிஞ்சு, கிராமப்புற சமூக சேவை வருஷமும் முடிச்சுட்டு மாசக்கணக்கா வீட்ல இருந்தா. ஆஸ்பத்திரில ஆள் இல்லன்னு எல்லாரும் சொல்றாங்க, போஸ்ட் மட்டும் இல்ல. 2025 ஏப்ரல்ல சுகாதார அமைச்சர் மொட்சோலெடி 1,200 டாக்டர், 200 நர்ஸ், மற்ற பணியாளர் 250 பேர் எடுக்கப் போறோம்னு அறிவிச்சப்ப அம்மா அழுதுட்டாங்க. அவளைப் படிக்க வச்சதும் அரசுப் பணம்தானே? அத்தனை வருஷம் செலவு பண்ணிட்டு கடைசில சம்பளத்தை மட்டும் மிச்சம் பிடிச்சா அதுக்குப் பேரு சேமிப்பா? அவ இப்ப ஆஸ்திரேலியா தேர்வுக்குப் படிச்சுக்கிட்டு இருக்கா.

நடால் செவிலி

தங்கச்சி, உங்க அக்கா போகாம இருக்கணும்னு வேண்டிக்கிறேன்.

வார்டுல நடக்கிறதைச் சொல்றேன். எந்த ஆஸ்பத்திரின்னு எழுத மாட்டேன், என் வேலை போயிடும். ஒரு சீனியர் சிஸ்டர் ஓய்வு பெறுறாங்க. இடத்தை நிரப்பக் கூடாதுன்னு சுற்றறிக்கை. ஆனா நோயாளிங்க எண்ணிக்கை குறையல. ராத்திரி ஷிஃப்டுக்கு ஆள் வேணும். முதல்ல இருக்கிறவங்களுக்கு ஓவர்டைம். அதுக்கு வரம்பு தாண்டினா ஏஜென்சி நர்ஸ். ஏஜென்சிக்காரர் நர்ஸுக்குக் கொடுக்கிற கூலி, அதுக்கு மேல அவர் கமிஷன், அதுக்கும் மேல 15 சதவீதம் வாட். இந்தப் பணம் 'சம்பளம்'ங்கிற தலைப்புல வராது, 'பொருள்களும் சேவைகளும்'ங்கிற தலைப்புல வரும். சம்பளச் செலவு குறைஞ்சதுன்னு மேல அறிக்கை போகும். வர்ற ஏஜென்சி பொண்ணு நல்ல பொண்ணுதான், ஆனா மருந்து அலமாரி எங்கேன்னு அவளுக்குச் சொல்லிக் கொடுக்கவே எனக்கு ஒரு மணி நேரம் போகும். நாளைக்கு வேற ஒருத்தி வருவா.

டோங்காட் அண்ணா பட்டறைக் கணக்கு சொன்னாங்க. உங்க கிட்ட வேலை வரத்து குறைஞ்சது, ஆளைக் குறைச்சீங்க, சரி. எங்க கிட்ட பிரசவ வலி குறையலையே அண்ணா. நான் தினம் அதைத்தான் பாக்குறேன்.

சேமிப்பு எங்க கொண்டு போய் விடும்ங்கிறதுக்கு லைஃப் எசிடிமெனிங்கிற தனியார் மனநல மருத்துவமனை விவகாரத்தை விட வேற சாட்சி வேண்டாம். கௌடெங் மாகாண சுகாதாரத் துறை அங்க இருந்த மனநல நோயாளிங்களுக்கு ஒரு நாளைக்கு ஒரு ஆளுக்கு 320 ராண்ட் ஆகுது, அதிகம்னு சொல்லி 2015-ல ஒப்பந்தத்தை முடிச்சாங்க. 1,700-க்கும் மேல நோயாளிங்களைத் தொண்டு நிறுவனங்களுக்கு மாத்தினாங்க. பல இடங்கள்ல பயிற்சி பெற்ற ஆள் இல்ல, சாப்பாடு இல்ல, போர்வை இல்ல. 144 பேர் செத்துப் போனாங்க. 2018 மார்ச்சுல முன்னாள் துணைத் தலைமை நீதிபதி மொசெனெகே, வழக்காடின ஒவ்வொரு குடும்பத்துக்கும் சுமார் 12 லட்சம் ராண்ட் கொடுக்கச் சொன்னார். 320 ராண்டை மிச்சம் பிடிச்ச துறைதான் இதைக் கொடுத்துச்சு. காசு கணக்கை மட்டும் பேசுறேன். செத்தவங்க கணக்கைப் பேச எனக்கு வாய் வரல.

நம்ம டர்பன்லயே அரசு மருத்துவமனைகள்ல புற்றுநோய் டாக்டர்கள் ஒவ்வொருத்தரா விலகிப் போய், 2017 ஜூன்ல மனித உரிமை ஆணையம் நோயாளிகளோட உரிமையை மாகாணத் துறை மீறிடுச்சுன்னு அறிக்கை கொடுத்துச்சு. நம்ம தெருக்கள்ல எத்தனை வீட்டுல அந்தக் காத்திருப்புப் பட்டியல்ல பேர் இருந்துச்சுன்னு இங்க உள்ளவங்களுக்குத் தெரியும்.

மிட்ராண்ட் மதுரைக்காரன்

நான் வேலைக்காக இங்கே வந்தவன். ஊரில் என் அப்பா அரசு ஊழியர். தமிழ்நாட்டிலும் இதே விவாதம் 2001 முதல் 2006 வரை அனல் பறந்தது.

2001 நவம்பரில் புதிய பணி நியமனங்களுக்கு அரசு தடை போட்டது. ஓய்வூதியச் சலுகைகளிலும் கை வைத்தார்கள். 2003 ஜூலையில் அரசு ஊழியர்களும் ஆசிரியர்களும் வேலைநிறுத்தத்தில் இறங்க, அவசரச் சட்டம் கொண்டுவந்து 1,70,000-க்கும் மேற்பட்டவர்களை ஒரே மூச்சில் வேலைநீக்கம் செய்தார் ஜெயலலிதா. ஆகஸ்ட் 6 அன்று உச்ச நீதிமன்றம் வேலைநிறுத்தம் செய்யும் உரிமை ஊழியருக்கு இல்லை என்று கடுமையாகச் சொன்னது. ஆனால் அரசு பெரும்பாலானவர்களைத் திரும்ப எடுத்துக்கொண்டது. எடுக்காமல் முடியாது. வருவாய் அலுவலகம், பள்ளிக்கூடம், ஆஸ்பத்திரி எல்லாம் நின்றுபோயிருந்தன.

தடை இருந்த காலத்தில் பள்ளிகளில் ஆள் வேண்டியிருந்ததே, என்ன செய்தார்கள்? தொகுப்பூதியத்தில் ஆசிரியர்களை எடுத்தார்கள். சொற்பச் சம்பளம், எந்தச் சலுகையும் இல்லை. 2006-இல் ஆட்சி மாறியதும் கருணாநிதி அவர்களைக் காலமுறை ஊதியத்துக்குக் கொண்டுவந்தார். ஐந்தாண்டு மிச்சம் பிடித்த செலவை அடுத்த அரசு சுமந்தது.

ஒன்றை நேர்மையாகச் சொல்ல வேண்டும். 2003 ஏப்ரல் முதல் புதிதாகச் சேர்ந்தவர்களுக்குப் பழைய ஓய்வூதியத்தை நிறுத்தியது நீண்ட காலச் செலவைக் குறைக்கும் முடிவுதான். அதை எதிர்த்து ஊழியர்கள் இருபது ஆண்டுக்கு மேல் போராடினார்கள், அது வேறு விஷயம். ஆனால் அங்கேயும் மிச்சம் வந்தது விதியை மாற்றியதால், ஆளை வெட்டியதால் அல்ல.

டோங்காட்டுக்காரன்

எல்லோரும் ஒரே பக்கம் சாய்கிறீர்கள், அதனால் கொஞ்சம் உரக்கவே கேட்கிறேன். எல்லாப் பணியிடமும் வார்டும் வகுப்பறையுமா? பயணிகள் ரயில் நிறுவனம் பிராசாவில் 3,000 போலி ஊழியர்கள் சம்பளம் வாங்குகிறார்கள் என்று அன்றைய போக்குவரத்து அமைச்சர் ம்பலுலாவே அறிவித்தார். 2024-இல் அமைந்த அரசில் 32 அமைச்சர்கள், 43 துணை அமைச்சர்கள். ஒவ்வொருவருக்கும் ஆலோசகர், பேச்சாளர், வண்டி, காவல். பட்டறைக்காரன் வாட் கட்டத் தாமதித்தால் அபராதம். என் பணத்தில் இல்லாத ஆளுக்குச் சம்பளம் போவதை நான் ஏன் பொறுத்துக்கொள்ள வேண்டும்? வேலை தேடுபவர்களில் மூன்றில் ஒருவருக்கு வேலை இல்லாத நாடு இது. அவர்களுக்கு யார் பேசுவது? அரசு ஊழியருக்கு வீட்டுப்படி, மருத்துவக் காப்பீடு, ஓய்வூதியம். என்னிடம் வேலை பார்ப்பவனுக்கு இது எதுவும் இல்லை.

சாட்ஸ்வொர்த் வாத்தியார்

நியாயமான கோபம், தம்பி. போலி ஊழியரை நீக்குவதற்கு இங்கே ஒருவரும் குறுக்கே நிற்க மாட்டோம். அது திருட்டைப் பிடிப்பது. பணியிடக் குறைப்புத் திட்டம் அதைப் பிடிப்பதில்லை. உண்மையில் இருக்கும் மனிதர்தான் விருப்ப ஓய்வு விண்ணப்பத்தில் கையெழுத்துப் போட முடியும்.

லெனேசியா வரிக்கணக்கு

டோங்காட் அண்ணன் வாட் பற்றிச் சொன்னதால் வருகிறேன். சிறு கடைகளுக்கு வரிக்கணக்கு முடித்துக் கொடுப்பது என் தொழில். இந்த விவாதத்தில் எல்லோரும் செலவுப் பக்கத்தையே பார்க்கிறீர்கள். வரவுப் பக்கத்திலும் ஆட்கள்தான் இருக்கிறார்கள்.

நம் வரித்துறை சார்ஸ் 2000-களில் உலகமே பாராட்டிய நிறுவனம். டாம் மொயானே ஆணையரான பின் பெயின் என்ற ஆலோசனை நிறுவனத்தைக் கொண்டு அமைப்பையே மாற்றினார். சுமார் 200 மேலாளர்கள் தம் பதவியிலிருந்து இடம்பெயர்க்கப்பட்டார்கள். பலர் செய்வதற்கு வேலையே இல்லாத பதவிகளில் உட்கார வைக்கப்பட்டார்கள். பெரிய நிறுவனங்களைத் தனியாகக் கவனித்த பிரிவைக் கலைத்தார்கள். ஓய்வுபெற்ற நீதிபதி நியூஜென்ட் தலைமையிலான ஆணையம் 2018-இல் இதையெல்லாம் வரி வரியாகப் பதிவு செய்தது. 2017/18-இல் வரி வசூல் எதிர்பார்த்ததை விட 48 பில்லியன் ராண்ட் குறையும் என்று அந்த ஆண்டு பட்ஜெட்டில் சொன்னார்கள். பொருளாதாரத் தேக்கமும் காரணம், ஆனால் வரித்துறையின் சரிவுக்கும் அதில் பங்கு உண்டு. விளைவு, 2018 ஏப்ரல் 1 முதல் வாட் 14-இலிருந்து 15 ஆனது. 1993-க்குப் பிறகு முதல் உயர்வு. என் வாடிக்கையாளர் ஒவ்வொருவரும் அந்த ஒரு சதவீதத்தை இன்றும் கட்டுகிறார்.

இப்போது தலைகீழாகப் பாருங்கள். வாட் உயர்வைக் கைவிட்ட 2025 மே பட்ஜெட்டில் அரசு என்ன செய்தது? சார்ஸுக்கு மூன்று ஆண்டுகளில் கூடுதலாக 7.5 பில்லியன் ராண்ட் கொடுத்தது. நிலுவை வரியை வசூலிக்க ஆள் போடுவதும் அதில் அடக்கம். நிதியமைச்சகமே தன் செயலால் ஒப்புக்கொள்கிறது: சில நாற்காலிகளில் ஆளை உட்கார வைத்தால்தான் பணம் வரும்.

இன்னொன்று. ஒரு ஆசிரியர் பணியிடத்தை நீக்கினால் முழுச் சம்பளமும் மிச்சம் என்று எழுதுகிறார்கள். அந்தச் சம்பளத்தில் 18 சதவீதத்தில் தொடங்கும் வருமான வரியைப் பிடித்துவிட்டுத்தானே கொடுத்தார்கள்? மிஞ்சியதை அவர் கடையில் செலவழித்தபோது வாட் வேறு. இவற்றைக் கழித்துவிட்டு மிச்சத்தைச் சொன்னால்தான் அது கணக்கு.

கேப் கணக்கர்

அதோடு முன்கூட்டிய ஓய்வுத் திட்டத்தையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். 2024 அக்டோபர் 30 அன்று கோடொங்வானா இரண்டு ஆண்டுகளுக்கு 11 பில்லியன் ராண்ட் ஒதுக்கினார், 30,000 பேர் வரை போகலாம் என்றார். சேமிப்புத் திட்டத்துக்கு முதலில் ஏன் 11 பில்லியன் செலவு? சாதாரணமாக 60 வயதுக்கு முன் ஓய்வு கேட்டால், ஓய்வூதிய நிதியான ஜிஇபிஎஃப் முன்கூட்டிய ஒவ்வொரு மாதத்துக்கும் ஒரு சதவீதத்தில் மூன்றில் ஒரு பங்கைப் பிடிக்கும். 57 வயதில் போனால் 36 மாதம், 12 சதவீதம் குறைவு. இந்தத் திட்டத்தில் அந்தப் பிடித்தம் ஊழியருக்கு இல்லை. நிதிக்கு வர வேண்டிய அந்தத் தொகையை அரசு கட்ட வேண்டும். 2019-இலும் ம்போவேனி இதே போன்ற திட்டம் அறிவித்தார், எதிர்பார்த்த அளவுக்கு ஆட்கள் வரவில்லை.

போகிறவர் இடத்தில் ஆளே தேவைப்படாவிட்டால் சில ஆண்டுகளில் மிச்சம் வரும். மூத்தவர் இடத்தில் இளையவரை எடுத்தாலும் சம்பள வித்தியாசம் மிச்சமாகும், இதை நான் ஆதரிக்கிறேன். ஃபீனிக்ஸ் தங்கையின் அக்காவுக்கு அதனால் ஒரு நாற்காலி கிடைக்கும். போனவரையே ஆலோசகராகத் திரும்ப அழைத்தால் எல்லாம் வீண். அது நடக்காத கதை இல்லை. 2008 முதல் 2011 வரையிலான மூன்று நிதியாண்டுகளில் தேசிய, மாகாணத் துறைகள் ஆலோசகர்களுக்கும் ஒப்பந்ததாரர்களுக்கும் 102 பில்லியன் ராண்ட் செலவிட்டதாகத் தலைமைத் தணிக்கையாளர் 2013-இல் வெளியிட்ட அறிக்கை சொன்னது. காலிப் பணியிடங்களும் அதற்கு ஒரு காரணம் என்று அதே அறிக்கை காட்டியது.

டோங்காட்டுக்காரன்

102 பில்லியன். இதை யார் கேட்டார்கள்?

நடால் செவிலி

நாமதான் கேக்கணும் அண்ணா. பீட்டர்மாரிட்ஸ்பர்க்ல மாகாணச் சட்டமன்றம் பட்ஜெட் மேல பொதுமக்கள் கருத்து கேக்கும். நம்ம ஆளுங்க யாரும் போறதில்ல. வாத்தியார் ஐயா நல்லா எழுதுவீங்க, ஆங்கிலத்துலயும் ஜூலுவிலயும் போடணும். நான் கேக்க நினைக்கிறது இவ்வளவுதான். எந்த ஆஸ்பத்திரில எத்தனை பணியிடம் காலியா வச்சிருக்கீங்க? அதே ஆஸ்பத்திரில அதே வருஷம் ஏஜென்சிக்கும் ஓவர்டைமுக்கும் எவ்வளவு கொடுத்தீங்க? மருத்துவ அலட்சிய வழக்குகள்ல எவ்வளவு கட்டினீங்க? மூணையும் ஒரே பக்கத்துல பக்கத்துப் பக்கத்துல போடுங்க.

சாட்ஸ்வொர்த் வாத்தியார்

எழுதித் தருகிறேன் அம்மா. பள்ளிகளுக்கும் அதே கேள்வி: காலி இடம் எத்தனை, பெற்றோர் கட்டணத்திலிருந்து பள்ளி ஆட்சி மன்றங்கள் சம்பளம் கொடுத்து வைத்திருக்கும் ஆசிரியர் எத்தனை. அரசு விட்ட செலவைப் பெற்றோர் சுமக்கிறார்கள் என்பது அதில் வெளிப்படும். கட்டணம் வாங்காத பள்ளிகளில் சுமக்கவும் ஆளில்லை, அங்கே வகுப்பு வெறுமனே பெரிதாகிறது.

டோங்காட்டுக்காரன்

என் கேள்வியையும் சேருங்கள் ஐயா. மாகாணத்தின் ஒவ்வொரு துறையிலும் சம்பளம் வாங்குபவர்களை நேரில் அழைத்து அடையாளம் சரிபார்த்தது கடைசியாக எப்போது, எத்தனை பேர் வரவில்லை, அவர்கள் சம்பளம் நின்றதா? சம்பள உயர்வு விலைவாசியைத் தாண்டக் கூடாது என்பதையும் எழுதுங்கள், அதில் நான் விட்டுக்கொடுக்க மாட்டேன்.

நடால் செவிலி

உயர்வு விஷயத்துல நானும் உங்களோட சண்டை போடுவேன் அண்ணா, ஏழு வயசுப் பையனை வச்சுக்கிட்டு ராத்திரி ஷிஃப்ட் பாக்குறேன். அடையாளச் சரிபார்ப்பைக் கட்டாயம் சேருங்க. எங்க வார்டுல நாங்க எல்லாரும் முதல் நாளே வரிசையில நிக்கிறோம்.